வூட்டுக்குள்ள பூந்தவனை அடிச்சா கேஸ் நம்ம மேலயா?

தண்டையார்பேட்டை தம்பி | சனி இரவு 9:10
சட்டம் தெரிஞ்சவங்க யாராவது பதில் சொல்லுங்க. போன மாசம் எங்க தாய்மாமா வீட்ல நடந்தது. மாமாவுக்கு 61 வயசு, ஹார்பர்ல லோடு தூக்கி ஓய்ஞ்சவர். வீட்டு முன்பக்கம் சின்னதா மளிகைக் கடை, பின்பக்கம் சமையக்கட்டு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. ராத்திரி ரெண்டரை மணிக்கு எவனோ ஷீட்டைத் தூக்கி உள்ள இறங்கியிருக்கான். அண்டா உருண்ட சத்தத்துல மாமா முழிச்சுட்டாரு. கைக்கு அகப்பட்டது கடை ஷட்டர் இழுக்கிற கம்பி, நுனியில கொக்கி இருக்குமே, அது. கூடத்துல வெச்சு தோள்ல ஒண்ணு போட்டாரு. அவன் கதவைத் திறந்துகிட்டு சந்துல ஓடினான். மாமாவும் விடாம ஓடி அடிபம்பு கிட்ட இன்னொண்ணு போட்டாரு. முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சுடுச்சு. நாங்களே ஆட்டோ பிடிச்சு அவனை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்ப அவன் மேல ஒரு எஃப்.ஐ.ஆர்., மாமா மேல ஒரு எஃப்.ஐ.ஆர். மாமாவுக்கு பி.என்.எஸ்.ங்கிற புது தண்டனைச் சட்டத்துல 118(2) போட்டிருக்காங்க. இது எந்த ஊர் நியாயம்?

காசிமேடு கட்டுமரம் | 9:22
இன்னா அநியாயம்பா இது. பூட்ன வூட்டுக்குள்ள பூந்தவனுக்கு மாலை போட்டு டீ வாங்கித் தரணுமா? காலோட வுட்டாரேன்னு அவன் சந்தோசப்படணும். நா கட்டிலு கீய மீன் வெட்ற கத்தி வெச்சிகினுதான் தூங்குறேன். எவனா வந்தான்னா பேச்சே கெடையாது.

கறுப்பு கோட்டு | 9:41
ஜார்ஜ் டவுன் கோர்ட்ல பதினாலு வருஷமா குற்ற வழக்கு நடத்துறேன். தம்பி, உங்க மாமா அடிச்சது ரெண்டு அடி. அதைத் தனித்தனியாத்தான் பார்க்கணும்.

முதல் அடி கூடத்துல. பழைய ஐ.பி.சி.ல 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை இப்ப பி.என்.எஸ்.ல 34 முதல் 44 வரை. 2024 ஜூலை 1லேருந்து நடக்கிற எதுக்கும் இதுதான். 41ஆம் பிரிவைப் படிங்க. பொழுது சாய்ஞ்சதுக்கும் விடியறதுக்கும் நடுவுல வீட்டை உடைச்சு உள்ள வர்றவனைத் தடுக்கிறப்போ அவன் உயிரே போனாலும் அது தற்காப்புக்குள்ள வரலாம். ஷீட்டைத் தூக்கி இறங்கினாலும் உடைப்புதான், மனுஷன் வர்றதுக்குன்னு வெச்ச வழி இல்லையே அது. தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாதுன்னு 37 சொல்லுது. தோள்ல ஒரு அடிக்கு நான் கவலைப்படவே மாட்டேன்.

ரெண்டாவது அடிபம்பு. வீடு உடைச்சவனுக்கு எதிரான உரிமை அவன் உள்ள இருக்கிற வரைக்கும்தான், அது 43. வாசப்படி தாண்டிட்டா கணக்கு மாறுது.

காசிமேடு கட்டுமரம் | 9:46
வாசப்படி தாண்டுனா திருடன் சாமியாராயிடுவானா வக்கீலே?

கறுப்பு கோட்டு | 9:49
ஆகமாட்டான். முதுகு காட்டி ஓடுறவன் கால்ல அடிச்சா அதுக்குப் பேர் கோவம். கோவத்துக்கு 41 கிடையாது.

கொருக்குப்பேட்டை அக்கா | 10:03
சார், நீங்க ஃபேனுக்கடியில உக்காந்து பிரிவு பிரிவா பிரிக்கிறீங்க. அந்தப் பெரியவர் தூக்கக் கலக்கத்துல இருட்டுல ஓடினவரு. நான், அம்மா, பொண்ணு, மூணு பொம்பளைங்க மட்டும் இருக்கிற வீடு எங்களுது. போன வருஷம் ஒரு ராத்திரி மாடிப்படிக் கதவை எவனோ வெளியிலேருந்து தள்ளினான். தாப்பாள் மேலயும் கீழயும் ஆடுது, டக், டக்குன்னு. அதையே பார்த்துகிட்டு கட்டில்ல உக்காந்திருக்கேன், போன் கையிலதான் இருக்கு, மூணு நம்பர் அழுத்த விரல் வரல. பொண்ணுதான் வாங்கி 112க்கு அடிச்சா. அந்த நேரத்துல ‘தேவையான அளவு’ன்னு எந்தப் படியில அளக்கிறது?

கறுப்பு கோட்டு | 10:11
இந்த இடத்துல கோர்ட்டு உங்க பக்கம்தான்மா. 2010ல தர்ஷன் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. நிஜமான ஆபத்து இருந்தே ஆகணும்னு இல்ல, ஆபத்துன்னு நியாயமா பயந்திருந்தாப் போதும். உசுருக்குப் போராடுறவன் ஒவ்வொரு அடியையும் தராசுல நிறுத்து அடிக்க முடியாதுன்னும் ஒத்துக்கிட்டாங்க. தற்காப்புன்னு நிரூபிக்கிற பாரம் மாமா மேலதான், ஆனா போலீஸ் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேணாம். ‘இப்படித்தான் நடந்திருக்கும்’னு நீதிபதிக்குத் தோணினாப் போதும். போலீஸ் சாட்சி வாயிலேருந்தே அதை வரவழைக்கலாம்.

பயம் இருக்கிற வரைக்கும் உரிமை உண்டு. ஓடுறவனைப் பார்த்து என்ன பயம்னுதான் அரசு வக்கீல் கேப்பாரு.

கொருக்குப்பேட்டை அக்கா | 10:15
திரும்பி வருவானோங்கிற பயம் சார். எங்க தெருவுல எல்லாருக்கும் இருக்கிறது அதுதான்.

ஓய்வு ஏட்டு | 10:34
நான் இலாகாவுல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். எஃப்.ஐ.ஆர். ஏன் ரெண்டுன்னு கேட்டதுக்கு மட்டும் பதில். கால் உடைஞ்சு ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் ஏ.ஆர்.ல, அதாவது விபத்துப் பதிவேட்டுல எழுதி ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்புவார். அவனும் வாக்குமூலம் கொடுப்பான். 2013 லலிதா குமாரி தீர்ப்புக்கப்புறம் கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார் வந்தா ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பதியாம இருக்க முடியாது. பதிஞ்சதாலயே மாமா குற்றவாளி இல்ல. வழக்கு, எதிர்வழக்குன்னு வந்தா ரெண்டையும் ஒரே அதிகாரி விசாரிச்சு, முதல்ல கை வெச்சது யாருன்னு பார்க்கணும்னு தமிழ்நாட்டு போலீஸ் நிலையாணை 588ஏ சொல்லுது. ஒண்ணை ரெஃபர் பண்ணி, அதாவது மேல நடத்த வேணாம்னு அறிக்கை கொடுத்து முடிக்கவும் வழி இருக்கு. அதைக் கேட்டு மனு எழுதுங்க.

ஆனா 118(2) லேசுப்பட்டதில்ல. ஆயுதத்தால கொடுங்காயம். ஆயுள் வரைக்கும் போகும், குறைஞ்சபட்சமே ஒரு வருஷம். ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. கம்பி இல்லாம கையால உடைச்சிருந்தா 117, அதுக்கு ஜாமீன் உண்டு. அந்தக் கொக்கிக் கம்பிதான் வினை.

காசிமேடு கட்டுமரம் | 10:40
அப்ப கத்திக்கு பதிலா துப்பாக்கி லைசென்சு வாங்கிடலாமா ஏட்டய்யா?

ஓய்வு ஏட்டு | 10:52
சென்னையில கமிஷனர் ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும். உசுருக்கு என்ன மிரட்டல்னு காட்டணும், ஸ்டேஷன்லேருந்து விசாரிப்பாங்க. ‘ஏரியா சரியில்ல’ன்னு எழுதினா நம்ம பக்கம் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதுதான். 2019 திருத்தத்துக்கப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான். தேர்தல் அறிவிச்சா எடுத்துட்டு வந்து ஒப்படைங்கன்னு ஆர்டர் வரும். இவ்வளவும் முடிச்சு நடுராத்திரி சுட்டாலும் அதே 34, அதே 37தான். லைசென்சுங்கிறது வெச்சிருக்கத்தான், சுடறதுக்குத் தனியா சட்டம் இல்ல.

ஹூஸ்டன் திருவொற்றியூர்க்காரன் | 11:05
இங்க டெக்சஸ்ல இந்தப் பேச்சே வராது. வீடுங்கிறது அவனவன் கோட்டை. அத்துமீறி உடைச்சு வந்தவனைச் சுட்டா, நீ பின்வாங்கியிருக்கணும்னு சட்டம் கேக்காது. நம்ம ஊர்ல சட்டம் திருடனுக்குப் பாய் விரிக்குது.

கறுப்பு கோட்டு | 11:14
அண்ணே, அமெரிக்காவுலயே மினசோட்டாவுல நடந்ததைப் பாருங்க. 2012ல ஒருத்தர் வீட்டுக்குத் திருட வந்த ரெண்டு பதின்வயசுப் பசங்களை நிலவறையில காத்திருந்து சுட்டார். உடைச்சு வந்தவங்கதான், சந்தேகமே இல்ல. அடிபட்டு விழுந்தவங்களை மறுபடி மறுபடி சுட்டது அவர் வெச்ச ஒலிப்பதிவுலயே இருந்தது. 2014ல ஆயுள் தண்டனை. கோட்டைக்கும் எல்லைச்சுவர் உண்டு. அப்புறம், பின்வாங்கி ஓடணும்னு நம்ம கோர்ட்டும் கேக்கிறதில்ல.

ஹூஸ்டன் திருவொற்றியூர்க்காரன் | 11:18
அது காத்திருந்து செஞ்சது. மாமா காத்திருக்கலையே?

கறுப்பு கோட்டு | 11:20
இல்ல. நான் மாமாவை அவரோட ஒப்பிடவும் இல்ல. பாய் விரிக்குதுன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் பதில்.

வியாசர்பாடி வினோ | 11:27
எதுக்கு இவ்ளோ பேச்சு. இரும்பு கேட்டுல ராத்திரி கரண்டு குடுத்துடுங்க. முடிஞ்சுது.

கறுப்பு கோட்டு | 11:30
தயவுசெஞ்சு யாரும் இதைச் செய்யாதீங்க. கரண்டுக்கு யார் வந்திருக்காங்கன்னு தெரியாது. பால் போடுற பையன், பந்து எடுக்க வர்ற குழந்தை, குடிச்சுட்டு வீடு மாறி வந்தவன், எவன் தொட்டாலும் போச்சு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க, எந்த பயமும் இல்ல, அப்புறம் எங்கிருந்து தற்காப்பு? கொலையாகாத மரணக் குற்றம்னு 105ல நேரா உள்ள போவீங்க, திருட்டுக் கரண்டு கேஸ் தனி.

காசிமேடு கட்டுமரம் | 11:36
கடையம் பக்கத்துல வயசான ஜோடி நாற்காலியையும் செருப்பையும் வெச்சி அருவாக்காரனுங்களை ஓட வுட்டுச்சே, 2019ல. கவர்மெண்டே கூப்ட்டு விருது குடுத்துச்சி. அவங்களுக்கு விருது, இவங்க மாமாவுக்கு எஃப்.ஐ.ஆரா? பணக்காரனுக்கு ஒண்ணு, நம்மளாண்ட ஒண்ணு.

ஓய்வு ஏட்டு | 11:43
அந்த வீடியோவை மறுபடி பாருப்பா. வீட்டு வாசல்ல கழுத்தை நெரிச்சவங்களை அங்கேயே அடிச்சு விரட்டினாங்க. ஓடினதும் நின்னுட்டாங்க, தொரத்திப் போகல.

கொருக்குப்பேட்டை அக்கா | 11:50
மதுரையில 2012ல நடந்ததையும் சொல்லுங்க ஏட்டய்யா. குடிச்சுட்டு வந்து பெத்த பொண்ணு மேலயே கை வெச்ச புருஷனை ஒரு அம்மா கிரிக்கெட் மட்டையால அடிச்சாங்க, செத்துட்டான். அப்ப எஸ்.பி.யா இருந்த அஸ்ரா கார்க், ஐ.பி.சி. 100ஆம் பிரிவுப்படி தற்காப்புன்னு சொல்லி அவங்களை வீட்டுக்கே அனுப்பினாரு. அவரே பின்னாடி நம்ம வடசென்னைக்குக் கூடுதல் கமிஷனரா வந்தாரு. அதிகாரி மனசு வெச்சா முடியும்னுதானே அர்த்தம்?

கறுப்பு கோட்டு | 11:58
முடியும். அது இப்ப 38. பாலியல் வன்முறைன்னா உயிரைப் பறிக்கிற அளவுக்கும் உரிமை போகும். அங்க ஆபத்து நடந்துகிட்டே இருந்தது, பொண்ணு அவன் பிடியில. அக்கா, உங்க கதவுக்குள்ள எவனாவது வந்திருந்தா நானே கறுப்புக் கோட்டைப் போட்டுகிட்டு வந்து நிப்பேன். எனக்கு இடிக்கிறது அந்த அடிபம்பு ஒண்ணுதான். தம்பி, ஒரு கேள்வி. அவன் எதை எடுத்துகிட்டு ஓடினான்?

தண்டையார்பேட்டை தம்பி | ஞாயிறு காலை 7:20
தூங்கிட்டேன் சார், மன்னிக்கணும். ரெண்டு செல்போன். ஒண்ணு அண்டாவுக்குப் பக்கத்துலயே கிடந்தது. இன்னொண்ணு அத்தையோடது, அடிபம்பு சிமெண்ட் திட்டுல விழுந்து கண்ணாடி உடைஞ்சு கிடந்தது.

கறுப்பு கோட்டு | 7:31
ராத்திரி பூரா வாதாடினேனே, இதை முதல்லயே சொல்லக் கூடாதாய்யா! 43ஐ மறுபடி படிக்கிறேன். திருட்டுக்கு எதிரான உரிமை, அவன் பொருளோட தப்பிச்சுப் போற வரைக்கும், இல்ல பொருள் திரும்பக் கிடைக்கிற வரைக்கும் தொடரும். கையில அத்தை போன் இருந்திருந்தா அடிபம்பு வரைக்கும் உரிமையும் கூடவே ஓடி வந்திருக்கு. உயிரை எடுக்கத்தான் முடியாது, 42 தடுக்குது. போனைப் பிடுங்கக் காலை உடைக்கணுமாங்கிற கேள்வி இன்னும் நிக்குது. ஆனா நேத்து ராத்திரி மாதிரி நான் பேசமாட்டேன்.

காசிமேடு கட்டுமரம் | 7:33
வக்கீலு வயிக்கு வந்துட்டாரு!

ஓய்வு ஏட்டு | 7:45
அந்த போன் இப்ப எங்க இருக்கு? போலீஸ் எழுதுற பறிமுதல் பட்டியல், அந்த மகஜர்ல ஏத்தினாங்களா?

தண்டையார்பேட்டை தம்பி | 7:52
இல்ல சார். அத்தைப் பொண்ணு அப்பவே எடுத்து வந்து சார்ஜ் போட்டுடுச்சு. டிஸ்ப்ளேகூட மாத்தியாச்சு.

ஓய்வு ஏட்டு | 7:55
விளங்கிடும்.

கறுப்பு கோட்டு | 8:06
சரி, இருக்கிறதைப் பார்ப்போம். டிஸ்ப்ளே மாத்தின கடை ரசீதை எடுத்து வைங்க. சந்துல கேமரா உண்டா? இருந்தா இன்னிக்கே காப்பி எடுங்க, பழசு மேல புதுசு எழுதிடும். கூடவே அந்தக் காப்பிக்கு புது சாட்சியச் சட்டம் 63ல சான்றிதழ் வேணும்.

தண்டையார்பேட்டை தம்பி | 8:15
எதிர்ல டெய்லர் கடையில இருக்கு. அன்னிக்கே காப்பி எடுத்துட்டேன். போன் கையிலேருந்து விழறது தெரியுது. ஆனா சார், அதுல இன்னொண்ணும் இருக்கு. அவன் விழுந்தப்புறம் மாமா கம்பியை ஓங்கினாரு, அடிக்கல. அதுக்குள்ள தெரு ஜனம் வந்து நாலு சாத்து சாத்திட்டாங்க. ஈ.பி. கம்பத்துல கட்டலாம்னு ஒருத்தர் கயிறெல்லாம் கொண்டு வந்தாரு. மாமாதான் வேணாம்னு தடுத்தாரு.

ஓய்வு ஏட்டு | 8:29
தடுத்தது உங்க குடும்பத்துக்கே பாதுகாப்பு. 2018 மே மாசம் பழவேற்காட்டுல புள்ளை பிடிக்கிறவன்னு புரளியை நம்பி ஒரு அப்பாவியைக் கும்பலா அடிச்சே கொன்னாங்க. கண் முன்னாடி திருடினவனைப் பொதுஜனம் பிடிக்கலாம், சட்டம் இருக்கு. ஆனா ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைச்சிடணும், பி.என்.எஸ்.எஸ்.ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டம் 40. கம்பத்துல கட்டி அடிக்கிறது அதுல வராது. கும்பல்ல அடி விழுந்து செத்தா ‘நான் ஒரு அடிதான் போட்டேன்’னு எவனும் தப்பிக்க முடியாது.

காசிமேடு கட்டுமரம் | 8:34
தோ பாரு, கால் உடைஞ்சது மாமா அடியிலயா ஜனம் அடியிலயான்னே தெரியாதுன்னு சொல்டலாமே?

கறுப்பு கோட்டு | 8:38
சொல்லலாம். சொன்னா தெருவுல பாதிப் பேர் பேரு கேஸ்ல ஏறும். மறுநாள் அந்தத் தெருவுல மாமா கடை நடத்தணும்ல? அந்த முடிவை அவர்தான் எடுக்கணும். அவன் கிட்ட ஆயுதம் ஏதாவது இருந்துதா?

தண்டையார்பேட்டை தம்பி | 8:44
இடுப்புல ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர். போலீஸ் தேடினப்போதான் தெரிஞ்சுது. மாமா அதைப் பார்க்கல. போன வருஷம் பக்கத்து வீட்ல திருட்டு போனப்பவே ‘என் வீட்டுக்கு வந்தா உசுரோட போகமாட்டான்’னு டீக்கடையில எல்லார் முன்னாடியும்

கறுப்பு கோட்டு | 8:45
தம்பி, நிறுத்துங்க. அந்தக் கடைசி வரியை உடனே அழிங்க. மீதியை ஆபீஸ்ல பேசலாம், தனிச் செய்தியில நம்பர் அனுப்புறேன்.

கொருக்குப்பேட்டை அக்கா | 8:51
டீக்கடையில அதைச் சொல்லாத ஆம்பளை நம்ம ஏரியாவுல ஒருத்தன் உண்டா சார்? அதையெல்லாம் சாட்சியா எடுத்தா பாதி வடசென்னை புழல்லதான் இருக்கணும்.

தண்டையார்பேட்டை தம்பி | 9:30
அழிக்க முடியல, நேரம் தாண்டிடுச்சுன்னு காட்டுது. நாளைக்கு மாமாவைக் கூட்டிட்டு வரேன் சார். அவர் கேக்கச் சொன்னது ஒண்ணு இருக்கு. அந்த ஷட்டர் கம்பியைப் பறிமுதல்னு ஸ்டேஷன்ல எடுத்துகிட்டாங்க. காலையில கடை திறக்க தினமும் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் கிட்ட இரவல் வாங்குறாரு. அது எப்ப திரும்பக் கிடைக்கும்?

ஓய்வு ஏட்டு | 9:41
எம்.ஓ., அதாவது சான்றுப் பொருள்னு நம்பர் போட்டு கோர்ட்டுக்குப் போயிடும். கேஸ் முடியற வரைக்கும் வராது. ஹார்டுவேர் கடையில புதுசு வாங்கிக்கச் சொல்லு.

காசிமேடு கட்டுமரம் | 9:43
எங்காண்ட ஒண்ணு சும்மா கீதுபா, தரேன். கொக்கி மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்.