"கூடவே இருக்க ஓர் ஆளை அனுப்புங்க" என்கிறது பள்ளி. ஆட்டிசப் பையனை எங்கே படிக்க வைப்பது?

பீனிக்ஸ் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ்ல இருக்கேன். பையனுக்கு ஏழு வயசு, கிரேட் 1. ஆட்டிசம்னு போன வருஷம்தான் எழுதிக் கொடுத்தாங்க. நேத்து பிரின்ஸிபல் கூப்பிட்டு, "நாள் முழுக்க அவன் கூட இருக்க உங்க செலவுல ஓர் ஆளை வைங்க, இல்லேன்னா ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க"ன்னு சொல்லிட்டார். காலை அசெம்பிளியில எல்லாரும் பாட ஆரம்பிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு கேட் பக்கம் ஓடுறான். அவங்க சொல்ற காரணம் இதுதான். வாசிப்புல வகுப்புலயே அவன்தான் முதல். எனக்கு ஒண்ணும் புரியல.

டொங்காட் அப்பா:
தங்கச்சி, எங்கேயும் போகாதீங்க. 1996ஆம் வருஷத்துப் பள்ளிச் சட்டம், பிரிவு 5. அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கணும், பாகுபாடு பார்க்காம அவனோட கல்வித் தேவையைக் கவனிக்கணும். சிறப்புத் தேவை உள்ள பிள்ளையை எங்கே சேர்க்கிறதுன்னு முடிவு பண்றப்போ பெற்றோரோட உரிமையையும் விருப்பத்தையும் கணக்குல எடுக்கணும்னும் அதுலயே இருக்கு. என் மகனுக்கும் 2011ல இதே வசனம்தான். சட்டம் தெரியாம தலையாட்டிட்டு வந்தேன். ஸ்பெஷல் ஸ்கூல்ல இடம் கிடைக்கிற வரைக்கும் மூணு வருஷம் வீட்டுல கிடந்தான்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் (ஓய்வு):
தம்பி, சட்டத்தைச் சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். பிரிவு 12ஐயும் படியுங்கள். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குச் சாதாரணப் பள்ளியில் கல்வி தர வேண்டும், ஆனால் "நியாயமாக நடைமுறைக்கு ஒத்துவரும் இடத்தில்" என்று ஒரு வால் தொங்குகிறது. எல்லாப் பிரின்ஸிபலும் அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். நானும் பிடித்திருக்கிறேன்.

31 வருஷம் வகுப்பெடுத்தவள் நான். 43 பிள்ளைகள், பார்த்துக்கொள்ள நான் ஒருத்தி. இப்படித்தான் ஒரு பையன் ரோட்டுக்கு ஓடினான், பின்னாலேயே நானும் ஓடினேன். அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பினால், பெஞ்ச் மேலிருந்து விழுந்த ஒரு சின்னப் பெண் பல் உடைந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவள் அம்மாவிடம் எந்தப் பிரிவைக் காட்டுவது? சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வைக்க, 2001ல் அரசின் கல்வி வெள்ளை அறிக்கை 6 வந்த பிறகு பயிற்சிக்கு அழைத்தார்கள். இரண்டு நாள், தட்டு நிறைய சமோசா, கையில் ஒரு ஃபைல். 20 வருஷத்தில் எல்லாம் மாறிவிடும் என்றார்கள். நான் ஓய்வு பெற்றதுதான் மாறியது.

டொங்காட் அப்பா:
டீச்சரக்கா, கேட்டைப் பூட்டி வைக்கப் பயிற்சி வேணுமா? அன்னைக்குக் கேட் திறந்து கிடந்திருக்கு. அதுக்குப் பிள்ளையோட ஆட்டிசம் மேல பழி.

சாட்ஸ்வொர்த் டீச்சர் (ஓய்வு):
கேட்டைப் பூட்டினால் பாட்டுச் சத்தம் குறையுமா தம்பி? தினமும் அலறவிட்டு உட்கார வைப்பதற்குப் பேர் ஒன்றாகப் படிப்பதா? ஸ்பெஷல் ஸ்கூலில் வேலை பார்த்த தோழி எனக்கு உண்டு. வகுப்பில் இருந்த பிள்ளைகளை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். கொள்கைக்காக நம் பிள்ளையைக் காணிக்கை வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

டொங்காட் அப்பா:
அங்கே இடம் இருந்தா நானும் அதையே சொல்லுவேன். இந்த நாட்டுல ஊனமுள்ள பிள்ளைகள் ஐந்து லட்சத்துக்கும் மேலே பள்ளிக்கு வெளியே இருக்காங்கன்னு 2015ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கிற மனித உரிமை அமைப்பு எழுதுச்சு. அங்கே போ, இங்கே போன்னு அனுப்பி வச்ச பிள்ளைகளும் அதுல உண்டு. என் மகனும் ஒருத்தன்.

டர்பன் ஸ்பீச் தெரபிஸ்ட்:
ரெண்டு பேரும் கேட்டைப் பூட்டுறதுலயே நிக்கிறீங்க. அவன் ஏன் ஓடுறான்? சத்தம் வலிக்குது. அப்போ அசெம்பிளிக்கு எதுக்கு வரணும்? அந்த நேரம் லைப்ரரியில புத்தகம் அடுக்கட்டும். ஒரு ராண்ட் செலவில்லை. மேஜையில அன்றைய வேலைகளைப் படமா ஒட்டுங்க. டீச்சர் லீவுன்னா காலையிலேயே படத்தை மாத்திக் காட்டுங்க, எதிர்பாராம மாறுறதுதான் இந்தப் பிள்ளைகளைப் போட்டு உலுக்கும். மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்னால சொல்லிடுங்க. "என் கண்ணைப் பார்த்துப் பேசு"ன்னு அதட்டாதீங்க, பார்க்காமலே நல்லாக் கேட்பான். இவ்வளவும் செஞ்சும் சரிவராத பிள்ளைகள் உண்டு, மறைக்கல. ஆனா இங்கே எதையுமே செஞ்சு பார்க்காம ஆளைக் கேட்கிறாங்க.

இன்னொண்ணு. வெள்ளை அறிக்கை சொன்னது ரெண்டு வகைப் பள்ளி இல்லை, மூணு. நடுவுல 'ஃபுல் சர்வீஸ்' பள்ளின்னு ஒண்ணு: சாதாரணப் பள்ளிதான், கூடுதல் உதவியோட. உங்க பக்கத்துல எது இருக்குன்னு டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல கேளுங்க.

பீனிக்ஸ் அம்மா:
நன்றி. அசெம்பிளி விஷயம் எனக்குத் தோணவே இல்லை. அவன் வகுப்புல "சம்பந்தமில்லாம உளறுறான்"னு டீச்சர் நோட்டுல எழுதி அனுப்பியிருக்காங்க. என்ன சொல்றான்னு கேட்டேன். அவங்க வாயால சொன்னதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. "மழ வருது, உள்ள வா." எங்க ஆயா, அதாவது அவனோட பாட்டி, சொல்றது. பயம் வந்தா அதைத்தான் சொல்லுவான். வீட்டுல எல்லாருக்கும் தெரியும். முதல்ல பார்த்த தெரபிஸ்ட், தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொன்னாங்க. ஆயாவுக்கு இங்கிலீஷ் வராது.

டர்பன் ஸ்பீச் தெரபிஸ்ட்:
நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஆட்டிசப் பிள்ளைகள் பேச்சுல பின்தங்குறதில்லைன்னுதான் ஆய்வுகள் காட்டுது. அது உளறலும் இல்லை. எங்கேயோ கேட்ட வாக்கியத்தை அப்படியே எடுத்து, "பயமா இருக்கு, பத்திரமான இடத்துக்குப் போகணும்"னு சொல்றான். பேசத்தான் செய்யுறான்.

டொங்காட் அப்பா:
பார்த்தீங்களா டீச்சரக்கா? உதவி வேணும்னு வாய்விட்டுக் கேட்டிருக்கான்.

சாட்ஸ்வொர்த் டீச்சர் (ஓய்வு):
கேட்டிருக்கிறான், சரி. 43 பேர் சத்தத்தில் அது யார் காதில் விழும் என்பதுதான் என் கேள்வி. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மா, நீங்கள் ஒன்று செய்யுங்கள். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று கண்டறிந்து தருவதற்காக 2014ல் வந்த சியாஸ் (SIAS) கொள்கைப்படி, பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் பேச்சுக்கு முன்னால் படிகள் இருக்கின்றன. பிள்ளையின் தேவைகளை எழுதும் எஸ்என்ஏ (SNA) படிவங்களில் 1ஐ வகுப்பு டீச்சர் நிரப்ப வேண்டும், எஸ்என்ஏ 2ஐப் பள்ளியின் உதவிக் குழு, 3ஐ டிஸ்ட்ரிக்ட் குழு. எதுவரை ஆயிற்று என்று கேளுங்கள். "மாற்றிக்கொள்ளச் சம்மதம்" என்று எந்தத் தாளை நீட்டினாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்து வாருங்கள். படிவத்தில் பேச்சு, தொடர்பு பற்றி எழுதும் இடத்தில் ஆயாவின் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ் அம்மா:
போன் பண்ணிக் கேட்டேன். எஸ்என்ஏ 1 கூட இன்னும் நிரப்பலையாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வாக்கியத்தை ஒரு தாள்ல இங்கிலீஷ் எழுத்துல எழுதி, கீழே அர்த்தமும் போட்டு வச்சிருக்கேன். டீச்சருக்கு எப்படிச் சொல்லணும்னு காட்டித் தர்றேன்னு ஆயாவும் கூட வர்றாங்களாம்.