எட்டியோலேஷன்: 'வெளிறல்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் மாடிவீட்டின் வரவேற்பறையில் ஒரு விஷ்ணுகிராந்திச் செடி இருக்கிறது. வறண்ட வெட்டவெளியில் தரையோடு படர்ந்து, காலை வெயிலில் நீலப் பூ விரிக்கும் இக்காட்டுச்செடி, யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே வைத்த சில வாரங்களில் கணுவிடைகள் நீண்டு, தண்டு நூலாகி, இலை சிறுத்து, பூவின்றி, யன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வெளிச்சம் போதாமல் செடிக்கு நேரும் இத்தகைய மாற்றத்தை ஆங்கிலத்தில் எட்டியோலேஷன் (etiolation) என்பர். அதற்குத் தமிழில் 'வெளிறல்' என்ற சொல்லே போதும் என்று எழுதிய நண்பருக்கு இச்செடியையே சாட்சியாக வைத்து மறுமொழி எழுதுகிறேன்.

'வெளிறல்' விளைவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தொடுவதில்லை. இரும்போ நைதரசனோ குறைந்தாலும் இலை வெளிறும். ஆகவே அச்சொல்லைப் படிக்கும் வீட்டுத்தோட்டக்காரர் யூரியாவைத் தேடிப் போவார் (நானும் முதலில் அதைத்தான் செய்தேன்). வெளிச்சம் போதாத இடத்தில் நைதரசனை அள்ளிக் கொடுத்தால் தண்டு இன்னும் மெலிந்து நீளும்.

மற்றொரு நண்பர் முன்வைத்த 'பசலை' (தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம்; 'பசப்பு' என்பதும் அதுவே) என்னை மிகவும் ஈர்த்தது. விளக்கு எப்போது அணையும் என்று காத்திருக்கும் இருளைப் போல, தலைவனின் தழுவல் எப்போது தளரும் என்று பசப்பு காத்திருப்பதாகக் குறள் சொல்கிறது. ஒளி விலகியதும் செடிக்கு நேர்வதை இதைவிட நெருக்கமாகச் சொல்ல இயலாது. ஆயினும், செடியைப் பற்றிய நூலில் 'பசலை' என்றால் வாசகர் முதலில் கீரையைத்தான் நினைப்பார். 'பசப்பு' என்று மாற்றினால், பேச்சுவழக்கில் அது பாசாங்கு ஆகிவிடுகிறது.

உண்மையில் இங்கே இரண்டு நிலைகள் கலந்துவிடுகின்றன. முழு இருட்டில் முளைத்த பயறு மஞ்சளாக இருப்பது, ஒளியின்றிப் பச்சையம் உருவாகாமையால். அதற்கு 'இருட்பசலை' என்று வைக்கலாம். 'இருள்' முன்னே நிற்பதால் கீரை குறுக்கே வராது. என் வரவேற்பறைச் செடியோ ஓரளவு பச்சையாகவே இருக்கிறது. திறந்தவெளி வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்றால் அறைக்குள் கிடைப்பது சில நூறு லக்ஸ்தான். இக்குறைவை உணர்ந்த செடி, தன் வளத்தை இலைக்கும் பூவுக்கும் செலவிடாமல் தண்டை நீட்டுவதற்கே செலவிடுகிறது. ஆகவே இந்நிலைக்கான பெயரில் நீட்சியும் காரணமும் சேர்ந்தே வரவேண்டும்.

'நிழல்நீட்சி' என்று எழுதிப் பார்த்தேன். மாலையில் நிழல் நீளுவதுதான் கண்முன் வந்தது. 'ஒளிநாட்டம்' தமிழ்நாட்டில் ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது. நமது இலங்கைப் பாடநூல்களில் 'ஒளித்திருப்பம்' எனப்படுகின்ற, ஒளியை நோக்கி வளைதலே அது. இறுதியாக 'குறையொளி நீட்சி' என்பதை முன்மொழிகிறேன். அழகில் பசலைக்கு ஈடாகாதுதான், ஆனால் தோட்டக்காரரை உரப்பையிடம் அனுப்பாது.

சொல் வாக்கியத்தில் நிற்குமா என்று பின்வருமாறு சோதித்தேன்: "குறையொளி நீட்சி கண்ட தண்டு, பின்னர் வெயிலில் வைத்தாலும் குறுகாது; நுனியைக் கிள்ளிவிட்டால் கீழ்க்கணுக்களிலிருந்து புதிய கிளைகள் வரும். செடியை ஒரேயடியாக நண்பகல் வெயிலுக்கு எடுத்துச் சென்றால் இலை கருகும்; முதலில் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, பத்து நாள்களில் படிப்படியாகக் கூட்டவேண்டும். மணல் கலந்த மண்ணில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே நீரூற்றவேண்டும்."

கொழும்பு வாசகருக்கு ஒன்றைச் சேர்ப்பேன். ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் வடக்குப் பார்த்த பல்கணிக்கு அக்காலத்தில்தான் வெயில் வரும். அதிலும் பெரும்பகுதியைத் தென்மேற்குப் பருவ முகில் மூடிவிடும். அத்தகைய வீட்டில் குறையொளி நீட்சி ஆண்டு முழுவதும் வரக்கூடியது.

வினையாக ஆளும்போது 'நீட்சியுற்ற' என்பதா, 'நீண்ட' என்பதே போதுமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.