ஈடிடிஏ பஃபரில் ஓரிரவு வைத்த ராப்5 புரதம் திரிந்துபோனது ஏன்?

கெலுகோர் மாணவி

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். உயிரணு உள்ளிழுக்கும் நுண்பைகள் தொடக்கநிலை எண்டோசோமுடன் இணைவதை நெறிப்படுத்தும் ராப்5ஏ என்ற மனிதப் புரதத்தை, ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, முன்முனையில் ஹிஸ்டிடின் வால் சேர்த்து விற்கப்படும் மறுசேர்க்கை வடிவில் 100 மைக்ரோகிராம் வாங்கினோம். பொட்டலம் கோலாலம்பூரில் இரண்டு நாள் கிடந்துவிட்டு லாரியில் பாலம் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது, உலர்பனி முழுவதும் ஆவியாகி, பெட்டிக்குள் இலேசான குளிர்ச்சி மட்டுமே மிச்சமிருந்தது.

குப்பியில் இருந்ததில் பாதியை, எங்கள் ஆய்வகத்தில் எல்லாப் புரதங்களுக்கும் வழக்கமாகப் பயன்படுத்தும் டிரிஸ் பஃபரில் (அதில் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ 1 மில்லிமோலார் உண்டு) 4 பாகை செல்சியஸில் இரவு முழுதும் டயாலிசிஸ் செய்தேன், அதாவது சவ்வுப் பையில் இட்டுக் கரைசலை மாற்றினேன். காலையில் பார்த்தால், எலுமிச்சை பிழிந்த பாலைப் போல வெண்திரள்கள் மிதந்தன. தெளிந்த பகுதியை ஜெல்லில் ஓட்டியபோது 26 கிலோடால்டன் அளவில் ஒரே ஒரு கோடு சுத்தமாக வந்தது. ஆனால் ஜிடிபியை (குவானோசினின் மூன்று பாஸ்பேட் வடிவம்) சேர்த்துப் பத்து நிமிடம் வைத்து, மலக்கைட் பச்சை முறையில் அளந்தபோது பாஸ்பேட் எதுவும் வெளிவந்ததாகத் தெரியவில்லை. லிப்போசோம் என்ற செயற்கைக் கொழுப்புச் சவ்வுப் பையிலும் ஒட்டவில்லை. மீதிப் பாதி மைனஸ் 80இல் பத்திரமாக இருக்கிறது.

விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார் மேற்பார்வையாளர். பிழை வழியில் நேர்ந்ததா, என் கையில் நேர்ந்ததா?

செந்தூல்வாசி

வழியில்தான் என்று நினைக்கிறேன். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் என்பது சாதாரணமில்லை. ஜெல்லில் கோடு சரியாக வந்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். கொதிக்கவைத்து, எஸ்டிஎஸ் சேர்த்து விரித்த பிறகே புரதம் ஜெல்லுக்குள் போகிறது என்பதால், அது முன்பு ஒழுங்காக மடிந்திருந்ததா என்று அந்தக் கோடு சொல்லாது. பெட்டியைப் படம் எடுத்திருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

பழைய பிப்பெட்

எழுதுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள் தங்கை. பயணத்தில் கெட்டிருந்தால் குப்பியைத் திறந்தபோதே கலங்கல் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. நீங்கள் திரளைக் கண்டதோ டயாலிசிஸ் செய்த மறுநாள் காலையில். எனக்குச் சந்தேகம் அந்த ஈடிடிஏ மீதுதான்.

முதலில் ஒரு சொற்சிக்கல். குவானோசினின் மூன்று பாஸ்பேட் வடிவத்தையும் இரண்டு பாஸ்பேட் வடிவத்தையும் சுருக்கித் தமிழில் எழுதினால் இரண்டும் ‘ஜிடிபி’ என்றே வந்து நிற்கின்றன. இந்தப் புரதத்தின் கதையே அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் என்பதால், நான் முப்பாஸ்பேட், இருபாஸ்பேட் என்றே எழுதுகிறேன்.

ராப் குடும்பத்துப் புரதங்கள் முப்பாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது விழித்திருக்கும். இருபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும்போது உறங்கும். எதைப் பிடித்திருந்தாலும், அந்தப் பிடிக்குள் ஒரு மெக்னீசியம் அயனி உட்கார்ந்து பாஸ்பேட்டையும் புரதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. ஈடிடிஏ அந்த மெக்னீசியத்தைப் பறித்துக்கொண்டால், நியூக்கிளியோடைடு (அந்த முப்பாஸ்பேட் அல்லது இருபாஸ்பேட்) கழன்றுபோகும் வேகம் பன்மடங்கு கூடிவிடும். டயாலிசிஸில் அது வெளியே கரைந்து போய்விடுவதால் திரும்பி வர வழியில்லை. உள்ளே எதுவும் இல்லாத வெற்றுப் புரதம் நிலைகுலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். உங்கள் ஆய்வகத்தில் அந்தப் பஃபரை வகுத்தவரைக் குறை சொல்ல முடியாது. புரதங்களை வெட்டும் நொதிகளில் உலோகம் தேவைப்படும் புரோட்டியேஸ்களை அடக்க ஈடிடிஏ நல்ல துணை. ஆனால் எல்லாப் புரதத்திற்கும் ஒரே பஃபர் என்ற வழக்கம் இங்கே செல்லாது.

சோதிக்க எளிய வழி உண்டு. மைனஸ் 80இல் இருப்பதிலிருந்து 2 மைக்ரோலிட்டரும், டயாலிசிஸ் செய்ததை மையவிலக்கில் சுழற்றித் தெளியவைத்ததிலிருந்து 2 மைக்ரோலிட்டரும் எடுத்து, 260, 280 நானோமீட்டரில் உறிஞ்சுதலைப் பாருங்கள். தனிப் புரதமானால் விகிதம் 0.6 அருகே நிற்கும். நியூக்கிளியோடைடு ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். (இதே காரணத்தால் 280ஐ மட்டும் வைத்து இந்தப் புரதத்தின் செறிவைக் கணக்கிட்டால் அளவு மிகையாக வரும், பிராட்ஃபோர்ட் முறை மேல்.)

பாஸ்பேட் வராததை மட்டும் வைத்துப் புரதம் இறந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ராப்5 தானாக முப்பாஸ்பேட்டை உடைக்கும் வேகம் மிகக் குறைவு. உயிரணுவில் அதைத் தூண்டுவதற்கென்றே வேறு புரதங்கள் உள்ளன. அதோடு, ஈ.கோலையிலிருந்து பிரித்தெடுத்த ராப் பெரும்பாலும் இருபாஸ்பேட்டோடுதான் வரும். மெக்னீசியம் உள்ள கரைசலில் அது எளிதில் இடம் விடாது. எனவே முதலில் மாற்றி ஏற்ற வேண்டும். புரதத்தைப் போல 20 மடங்கு முப்பாஸ்பேட்டை முன்கூட்டியே கலந்துவிட்டு, கரைசலில் உள்ள மெக்னீசியத்தை மிஞ்சும் அளவு ஈடிடிஏ சேர்த்து, அரை மணி நேரம் கழித்து 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு விட்டுக் கதவைச் சாத்துங்கள். இரவில் அதைக் கெடுத்த அதே ஈடிடிஏ, பக்கத்தில் நியூக்கிளியோடைடு தயாராக இருக்கும்போது கருவியாகிவிடுகிறது. இன்னொன்று: கடையில் வாங்கும் முப்பாஸ்பேட்டிலேயே சிறிது தனிப் பாஸ்பேட் கலந்திருக்கும் என்பதால், புரதம் சேர்க்காத குழாய் ஒன்றைக் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள். பிபிஎஸ் பஃபர் பக்கமே போகாதீர்கள். அது முழுக்கப் பாஸ்பேட்.

கெலுகோர் மாணவி

ஐயா, இன்று காலை அளந்தேன். உறைவிப்பானில் இருந்தது 0.85, டயாலிசிஸ் செய்தது 0.6. குப்பியில் இருந்தது கலங்கவும் இல்லை. பணம் கேட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தை அழித்துவிட்டேன், மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டேன். மீதியை 5 மில்லிமோலார் மெக்னீசியமும் 10 விழுக்காடு கிளிசராலும் உள்ள பஃபரில், 10 மைக்ரோலிட்டர்க் குழாய்களாகப் பிரித்து உறையவைத்திருக்கிறேன். லிப்போசோமில் ஒட்டாததும் இதனால்தானா?

புக்கிட் ஜலீல் அக்கா

இல்லையம்மா, அது வேறு கதை. மனித உயிரணுவில் ராப்5இன் பின்முனையில் உள்ள இரண்டு சிஸ்டீன்களில் ஜெரானைல்ஜெரானைல் என்ற கொழுப்புச் சங்கிலிகள் மாட்டப்படுகின்றன; சவ்வில் ஊன்றிக்கொள்வது அவற்றால்தான். அவற்றை மாட்டும் நொதி ஈ.கோலையிடம் இல்லை. ஆகவே நீங்கள் எவ்வளவு கவனமாகக் காப்பாற்றினாலும், வாங்கிய புரதம் நங்கூரமில்லாப் படகுதான்.

நிக்கல் தாங்கிய கொழுப்பை லிப்போசோமில் கலந்து, ஹிஸ்டிடின் வாலைப் பிடித்து ஒட்டவைப்பது பலரும் செய்யும் குறுக்கு வழி. ஆனால் உங்களுடையதில் வால் முன்முனையில் இருப்பதால் புரதம் தலைகீழாகத் தொங்கும். இணைப்புப் புரதமான ஈஇஏ1 வந்து பிடிப்பதைப் பார்க்க வேண்டுமானால், பின்முனையில் சிஸ்டீன்களின் இடத்தில் வால் வைத்த வடிவத்தை நீங்களே குளோன் செய்துகொள்வது நல்லது. அடுத்த குப்பி வாங்கும் செலவை விட மலிவாகவே முடியும். அப்படிச் செய்யும்போது, மாற்றி ஏற்றும் படியில் சேர்த்த ஈடிடிஏவை உப்புநீக்கப் பிசினில் முழுதும் கழுவிய பிறகே லிப்போசோம் பக்கம் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அது நிக்கலையும் பறித்துக்கொண்டு போய்விடும்.