புற்றுநோயிலிருந்து மீண்ட மகள் விளையாட மறுக்கிறாள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வானம்பாடி

என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை சென்ற ஆண்டு முழுமையாக முடிந்துவிட்டது. அதன் பிறகு செய்த ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாகவே இருக்கின்றன. மற்ற பிள்ளைகளைப் போல விளையாடட்டும் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனால் அவள் விளையாடுவதில்லை. பள்ளியில் விளையாட்டு நேரம் வந்தால் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்குப் போகிறாள். கொஞ்சம் நடந்தாலே அசதியாக இருக்கிறது என்கிறாள். "குழந்தை பட்டதெல்லாம் போதும், இனியாவது சும்மா விடு" என்பது வீட்டுப் பெரியவர்களின் வாதம். அவள் கால் தடுக்கினாலே எனக்கும் நெஞ்சு பதறுகிறது. வற்புறுத்தலாமா, கூடாதா? எதிலிருந்து தொடங்குவது, எதைக் கட்டாயம் தவிர்ப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: குழந்தைகள் இயன்முறை மருத்துவர்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதில் அவள் படியேறும் விதம்தான் முதலில் என் கவனத்தை ஈர்த்தது. மனத்தயக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவளுடைய கால்களைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த நோய்க்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து கை கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. முன்பாதத்தை மேலே தூக்கும் தசைகள் அதனால் வலுவிழக்கும்போது, நடக்கையில் பாதம் தரையில் தட்டும், குழந்தை அடிக்கடி தடுக்கும், ஓடுவது என்றாலே பின்வாங்கும். கூடவே தரப்படும் ஸ்டீராய்டுகள் இடுப்புத் தசைகளையும் தொடைத் தசைகளையும் மெலியச் செய்வதோடு எலும்பின் அடர்த்தியையும் குறைக்கின்றன. சிகிச்சை முடிந்தபின் இவை பெரும்பாலும் படிப்படியாகத் தேறிவிடும் என்றாலும், சில குழந்தைகளிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு.

வீட்டிலேயே சிலவற்றைக் கவனிக்கலாம். முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு குதிகால்களால் மட்டும் நடந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பாதம் எழும்பவில்லை என்றால் பலவீனம் கணுக்காலில் இருக்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்த நிலையிலிருந்து எழச் சொல்லுங்கள். தொடைகளில் கைகளை ஊன்றி, உடலை உந்தித்தான் எழுகிறாள் என்றால் இடுப்பும் தொடையும் வலுப்பெற வேண்டியிருக்கிறது. நேரில் பரிசோதிப்பதற்கு இது மாற்றாகாது. ஆனால் நீங்கள் கண்டதைச் சொன்னால் பரிசோதிப்பவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ முழங்காலிலோ விடாத வலி இருந்தாலும், நொண்டினாலும், குதிக்கும் விளையாட்டுகளை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளில் சிலருக்கு எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்தப் பகுதி சிதைவதுண்டு. பத்து வயதைக் கடந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவரும்.

அசதியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்: இது ஓய்வெடுத்தால் தீரும் அசதி அல்ல. அசையாமல் இருக்க இருக்கத் தசை மேலும் மெலிகிறது, மெலிந்த தசைக்குச் சிறு வேலையும் பெரும் பாரமாகிறது, அதனால் குழந்தை இன்னும் அதிகமாக உட்கார்ந்துவிடுகிறது. புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு உடலியக்கம் நன்மை தரும் என்பதைத்தான் 2021-இல் பன்னாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்களும் அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதை இன்றே எட்ட வேண்டிய கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிடம் விளையாட்டு, பிறகு இளைப்பாறல், மாலையில் இன்னொரு ஐந்து நிமிடம் என்று தொடங்கி, மறுநாள் அவள் சோர்ந்துபோகாத அளவில் கூட்டிக்கொண்டே போகலாம்.

பதில்: பள்ளி உடற்கல்வி ஆசிரியர்

மருத்துவர் சொன்னதோடு பள்ளியின் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பிடிபட்டவர் வெளியேற வேண்டும் என்ற விதியுள்ள விளையாட்டுகள் இந்தக் குழந்தைகளுக்குப் பெரும் அநீதி செய்கின்றன. யாருக்கு அசைவு மிகவும் தேவையோ அந்தக் குழந்தைதான் முதலில் வெளியேறி, மீதி நேரம் முழுவதும் வேடிக்கை பார்க்கிறது. வெளியேறுவதற்குப் பதிலாகப் பந்தை ஐந்து முறை தட்டிவிட்டு மறுபடியும் ஆட்டத்துக்குள் வரலாம் என்று விதியை மாற்றினால் வகுப்பில் யாரும் ஆட்சேபிப்பதில்லை. புள்ளி எழுதும் வேலையைக் கொடுத்து ஓரத்தில் உட்காரவைப்பது அன்பினால் செய்யப்படுவதுதான். ஆனாலும் அதை வழக்கமாக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பை அவளுடைய ஆசிரியரிடம் கொடுங்கள். அது கையில் இல்லாதபோது, பாதுகாப்பு கருதி எல்லாவற்றையும் தடுத்துவிடவே ஆசிரியருக்குத் தோன்றும்.

பதில்: மீண்டவன்

நான் சிறுவயதில் இதே நோயிலிருந்து மீண்டு, இப்போது கல்லூரியில் படிப்பவன். மேலே உள்ளவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கால அளவைக் கூட்டிக்கொண்டே போவதை உங்கள் மகள் உணராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியும் மருந்தும் பரிசோதனையும் அவளைக் கேட்டு நடந்தவை அல்ல. விளையாட்டும் அந்த வரிசையில் இன்னொரு சிகிச்சையாக வந்து சேர்ந்தால் மனம் அதை ஒதுக்கிவிடும். கைக்கடிகாரத்தில் காலடி எண்ணுவது, செய்தால் பரிசு தருவது ஆகியவை என்னிடம் நெடுநாள் எடுபடவில்லை. எதை விளையாடலாம், யாரோடு, எப்போது நிறுத்தலாம் என்பதை என்னிடம் விட்டபோதுதான் நானாகவே வெளியே போகத் தொடங்கினேன். பலர் பார்க்க ஓடுவதற்குக் கூச்சமாக இருந்ததால், வயதில் சற்றுச் சிறியவனான ஒரு நண்பனோடு மட்டும் சுவரில் பந்தடித்துக் கொண்டிருந்தேன். இன்னொன்று: நான் விழும்போதெல்லாம் முதலில் பார்த்தது என் முழங்காலை அல்ல, அம்மாவின் முகத்தை. அந்த முகத்தில் தெரிந்ததை வைத்துத்தான் அழுவதா, எழுந்து ஓடுவதா என்று முடிவு செய்வேன்.

வானம்பாடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்த்தேன். இடது பாதம் ஓரளவு எழும்புகிறது, வலது பாதம் ஏறக்குறைய எழும்பவே இல்லை. இத்தனை நாளாக அவளுடைய செருப்பில் வலது முனை மட்டும் தேய்ந்துபோவதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. வலி எதுவும் இல்லை என்கிறாள். என்ன செய்யப் பிடிக்கும் என்று அவளிடமே கேட்டேன். யோசிக்காமல் "நீச்சல்" என்றாள். மருந்து செலுத்தத் தோலுக்கடியில் பொருத்தியிருந்த போர்ட் கருவியை எடுத்த காயம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் சிகிச்சைக் குறிப்பில் டௌனோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்ற பெயர்கள் இருக்கின்றன. அவை இதயத்தைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டதால் பயமாக இருக்கிறது.

பதில்: குழந்தைகள் இயன்முறை மருத்துவர்

செருப்பு முனை தேய்வதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தச் செருப்பையே பரிசோதனைக்குக் கொண்டுபோனாலும் நல்லது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் கணுக்காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும் அவளுக்குத் தேவைப்படலாம். காலணிக்குள் பாதத்தைத் தாங்கும் பட்டை சில காலம் தேவையா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தடுக்குவது குறைந்தாலே பாதித் தயக்கம் போய்விடுவதைப் பல குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன்.

இதயத்தைப் பற்றிய உங்கள் கேள்வி மிகவும் நியாயமானது. அந்த மருந்துகளின் பாதிப்பு மொத்த அளவைப் பொறுத்தது. மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சும் தரப்பட்டிருந்தால் ஆபத்து கூடும். பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதால், ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனையை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தொடர்ந்து செய்ய வேண்டும். எக்கோ இயல்பாக இருந்தால் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் போன்றவற்றை விலக்க வேண்டியதில்லை. இதயத்துக்கு அவை நன்மையே செய்யும். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்குவதுதான் எச்சரிக்கைக்குரியது. வளர்ந்த பிறகு உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல விரும்பினால் அப்போது இதய மருத்துவரின் ஆலோசனை வேண்டும். விளையாடும்போது மார்பு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, படபடப்பு ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

நீச்சலைத் தாராளமாகத் தொடங்கலாம். தண்ணீரில் தடுக்கி விழும் பயமும் இல்லை. ஆனால் தண்ணீர் உடல் எடையைத் தாங்கிவிடுவதால் எலும்புக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. அதனால் நடை, நடனம் போன்ற ஏதேனும் ஒன்று தரையிலும் இருக்கட்டும். கணுக்கால் தேறிய பிறகு கயிறு தாண்டுவதையும் சேர்க்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மருந்துகளின் மொத்த அளவு குறிப்பிடப்பட்ட சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடைசியாக எடுத்த எக்கோ எப்போது, எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.