குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும்போது அமெரிக்கச் சுற்றுலா விசா கிடைத்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அக்கா எனக்காக 2014-ல் ஐ-130 என்ற, உறவினருக்கான குடியேற்ற மனு போட்டார். உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவு, அதுவும் இந்தியா என்பதால், என் முறை வர இன்னும் பல வருடங்கள் ஆகும். இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் பக்கத்தில் நிற்க வேண்டாமா? அதற்காக பி-2 என்ற சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன்.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வருகிறது. 'இல்லைன்னு போடுங்க சார், யார் பார்க்கப் போறாங்க' என்கிறார் ஒரு ஏஜென்ட். ஆனால் மனு விவரம் விசா அதிகாரிகளின் கணினியிலேயே இருக்கும். பொய் சொன்னதாக முடிவானால் வாழ்நாள் தடை வரைக்கும் போகலாம். எனவே 'ஆம்' என்றுதான் போடப்போகிறேன், அதில் மாற்றமில்லை.

என் கவலை நேர்காணல்தான். மனு இருப்பதாலேயே விசா மறுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்ப வைப்பது என் பொறுப்பு. அதை நம்பாமல் 214(பி) என்ற சட்டப்பிரிவில் மறுத்துவிட்டால் மேல்முறையீடும் கிடையாது. நிரந்தர வேலை, மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இதே நிலையில் போனவர்கள் சொல்லுங்களேன்: மனுவைப் பற்றி என்ன கேட்டார்கள்? கல்யாணப் பத்திரிகை, விடுப்புக் கடிதம் எதையாவது வாங்கிப் பார்த்தார்களா? மறுக்கப்பட்டவர்களும் அவசியம் எழுதுங்கள்.