ஏடிஎச்டியோடு கோடிங் வேலை, வீட்டில் மனஸ்தாபம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் பேக்எண்ட் டெவலப்பர் (மென்பொருளின் பின்னணியில் ஓடும் நிரல்களை எழுதுபவன்). வளர்ந்த பிறகுதான் ஏடிஎச்டி (கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்று தெரிந்தது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று அம்மாவிடமும் விசாரித்துவிட்டுத்தான் மருத்துவர் உறுதி செய்தார். அதற்கான மெத்தில்பெனிடேட் மருந்து எடுக்கிறேன். மருந்து உட்கார வைக்கிறது. எந்த வேலையின் முன்னால் என்பதை அது சொல்வதில்லை.

சிக்கலான பக் (நிரல் பிழை) வந்தால் சாப்பாடு, தூக்கம் மறந்து தோண்டுவேன். அதே நான், என் கோடைப் பார்த்துச் சக ஊழியர் எழுதும் இரண்டு வரி ரிவ்யூ கமெண்டுக்குப் பதில் எழுத நாள்கணக்கில் இழுப்பேன். பிரவுசரில் டேப்கள் பெருகி, தலைப்பே தெரியாமல் வெறும் ஐகான்களாகச் சுருங்கிக் கிடக்கும். நேற்று என்ன செய்தேன் என்பதே கமிட் பட்டியலை, அதாவது கோடில் நான் பதிவு செய்த மாற்றங்களின் பட்டியலை, பார்த்தால்தான் தெரியும்.

வேலையைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டில்தான் கஷ்டம். மனைவி பேசப் பேச, பாதியிலேயே மனம் எங்கோ போய்விடுகிறது. "கம்ப்யூட்டரை மணிக்கணக்காகப் பார்க்கிறீங்க, என்கிட்ட பத்து நிமிஷம் முடியாதா?" என்கிறாள். நியாயமான கேள்வி. கவனம் இல்லாததல்ல, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்ப முடியாததுதான் பிரச்சினை என்று விளக்கினால் சாக்குப்போல ஒலிக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: மேனேஜரிடம் வெளிப்படையாகச் சொன்னீர்களா? பிறகு நடத்தும் விதம் மாறியதா? தம்பதியாகக் கவுன்சலிங் போனது பலன் தந்ததா? துணைவர் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தவர்கள் எழுதினால் இன்னும் நல்லது. பொமோடோரோ (மணி வைத்துக் கொஞ்ச நேரம் வேலை, பிறகு சிறு இடைவேளை என்ற முறை) மட்டும் வேண்டாம். 25 நிமிட மணி அடிக்கும்போதுதான் எனக்கு ஓட்டமே பிடிக்கும்.