மறுமொழி: இசை இதழ் வடிவமைப்புக்கான கலைச்சொற்கள் – 'ப்ளீட்' என்பதற்கு 'வெட்டுமிகை'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் ஓர் இசை இதழைத் தாங்களே வடிவமைத்து அச்சேற்றுவதற்கான கையேட்டுக்குச் சொல் தேடும் இந்த இழையைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொற்களுள் முதலில் தீர்க்க வேண்டியது 'ப்ளீட்', அதாவது பக்கத்தின் வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தைக் கூடுதலாக நீட்டிவைக்கும் பகுதி, என்பது என் உறுதியான எண்ணம். வேறு சொல் பிசகினால் கையேட்டின் நடை கெடும். இந்தச் சொல் பிசகினால் மாணவரின் அட்டையே கெடும்.

'கசிவு', 'வழிவு', 'விளிம்புமீறல்' ஆகிய மூன்றும் இதுவரை வந்திருக்கின்றன. கசிவையும் வழிவையும் என்னால் ஏற்க முடியவில்லை. அச்சில் மை கசிவது பழுது. வேண்டுமென்றே செய்கிற ஒரு காரியத்துக்குப் பழுதின் பெயரை வைத்தால், 'கசிவு 3 மி.மீ. இருக்க வேண்டும்' என்ற வரியைப் படிக்கும் மாணவர் என்ன செய்வார்?

நான் முன்வைப்பது: வெட்டுமிகை.

அட்டையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏ4 தாளின் அளவு 210 × 297 மி.மீ. கறுப்புப் பின்னணியில் ஒரு பாடகரின் படம் அட்டை முழுவதையும் நிறைக்கிறது. மாணவர் படத்தைச் சரியாக அந்த அளவுக்கே வைத்துக் கோப்பை அனுப்புகிறார். அச்சான தாள்களை அடுக்கி வெட்டும்போது எல்லாத் தாளிலும் கத்தி இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் இறங்காது. அரை மில்லிமீட்டர் விலகினாலே போதும், கறுப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்துவிடும். அதனால்தான் படத்தை நான்கு பக்கமும் வழக்கமாக 3 மி.மீ. நீட்டி, 216 × 303 மி.மீ. அளவில் கோப்பை அமைக்கிறோம். கூடுதலாக விட்டது வெட்டில் போய்விடும். 'வெட்டு', 'மிகை' இரண்டும் சேர்ந்து இந்தச் செய்தியை முழுதாகச் சொல்லிவிடுகின்றன: இது மிகை, இது வெட்டுப்படும், ஆகவே பாடகரின் விரலையோ இதழின் பெயரையோ இதற்குள் வைக்காதே.

சொல்லைப் புழங்கிப் பார்த்தேன். 'வெட்டுமிகை விடு', 'வெட்டுமிகையுடன் ஏற்றுமதி செய்', 'வெட்டுமிகை இல்லாத கோப்பு' என எங்கும் இடறவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதே சொல் வினையாகவும் வருகிறது. படம் தாளின் ஓரத்தையும் தாண்டிப் போவதை அப்படிச் சொல்கிறார்கள். அங்கே 'விளிம்புமீறல்' நன்றாகவே பொருந்தும். 'இந்தப் படம் விளிம்பு மீறுகிறது, ஆகவே வெட்டுமிகை விட வேண்டும்' என்று எழுதலாம். செயலுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று என்று நமக்கு இரண்டு சொல் இருப்பது வசதிதான். ஆங்கிலம் ஒன்றை வைத்துச் சமாளிக்கிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டியதில்லை.

அடுத்து 'டபுள் பேஜ் ஸ்ப்ரெட்', அதாவது இதழைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களை ஒன்றாக வடிவமைப்பது. 'நடுப்பக்கம்' பழகிய சொல்தான், ஆனாலும் இங்கே அது ஆபத்தானது. 16 பக்க இதழை நடுவில் கம்பி அடித்துத் தைத்தால், 8-ஆம் 9-ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து அச்சாகும். 6-ஆம் பக்கம் 11-உடனும், 7-ஆம் பக்கம் 10-உடனும் சேர்ந்து வேறு வேறு தாள்களில் இருக்கும். ஒரு கிதாரின் கழுத்தை 6, 7 பக்கங்களின் குறுக்கே நீட்டி வைத்தால், தைத்த பிறகு அது மடிப்பில் ஒடிந்ததுபோல் மேலும் கீழுமாகத் தெரியக்கூடும். எல்லாவற்றையும் நடுப்பக்கம் என்று அழைத்தால் இந்த வேறுபாட்டை மாணவருக்கு எப்படி விளக்குவது? 'இரட்டைப் பக்கம்' என்றால் இரட்டைப்படை எண்ணுள்ள பக்கம் என்று தோன்றும். 'விரிபக்கம்' என்று வினைத்தொகையாகச் சொல்லலாம். நடுவில் வருவது மட்டும் நடுப்பக்கமாகவே இருக்கட்டும்.

'புல் கோட்' பற்றி. பேட்டியிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பெரிய எழுத்தில் பக்கத்தின் நடுவே வைப்பதற்கு 'எடுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். எடுத்தது, எடுப்பாகவும் தெரிவது. வேறு எந்த இதழுக்கான கையேடாக இருந்தாலும் உடனே கை தூக்கியிருப்பேன். இசை இதழில் மட்டும் அது கூடாது. தாள வட்டத்தில் பாட்டு தொடங்கும் இடம் அங்கே எடுப்பு. சமம், அதீதம், அனாகதம் என்று அதற்கு வகைகளும் உண்டு. ஒரு மிருதங்கக் கலைஞரின் பேட்டியை வடிவமைக்கும் மாணவரிடம் 'எடுப்பை மாற்று' என்று ஆசிரியர் குறிப்பெழுதினால், பெரிதாக வைத்த வரியை மாற்றுவதா, பேட்டியில் தாளத்தின் எடுப்பைப் பற்றி வரும் வாசகத்தை மாற்றுவதா? தலைப்புக்குக் கீழே வரும் அறிமுக வரிக்குப் 'பல்லவி' என்று வைப்பதற்கும் இதே தடை. சொல் அழகாக இருக்கிறது, ஆனால் இசை அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அறிமுக வரிக்கு 'நுழைவரி' என்றும், பெரிதாக வைக்கும் மேற்கோளுக்குத் 'துலங்குவரி' என்றும் சொல்லலாமா? இரண்டாவதில் எனக்கே முழு நிறைவு இல்லை. இதைவிட நல்லது வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

அட்டையில் பெரிதாக வரும் இதழின் பெயரான 'மாஸ்ட்ஹெட்' என்பதற்கு 'முகப்புப்பெயர்' போதும். அமெரிக்க வழக்கில் அதே சொல் உள்ளே அச்சாகும் ஆசிரியர் குழுப் பட்டியலையும் குறிக்கும். அதற்கு 'இதழ்க்குழு' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1967-இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் போன்ற இதழ்களின் அட்டைகளில் பாடகரின் தலை முகப்புப்பெயரின் சில எழுத்துகளை மறைத்து நிற்பதைப் பார்க்கலாம். மாணவர்கள் அதை ஆசையோடு பின்பற்றுவார்கள். தமிழில் அப்படிச் செய்யும்போது ஒரு புள்ளியோ கொக்கியோ மறைந்தாலும் எழுத்தே வேறாகிவிடும். எந்த எழுத்தின் எந்தப் பகுதி மறையலாம் என்று பார்த்த பிறகே படத்தை மேலே ஏற்ற வேண்டும்.

'கட்டர்' என்ற சொல்லை இன்னும் யாரும் தொடவில்லை. மடிப்பை ஒட்டிய உள்ளோரத்துக்கும், பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்திகளுக்கு நடுவே விடும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் அது ஒன்றேதான். முதலாவதற்கு 'மடிப்போரம்' என்று குறித்துவைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு 'பத்தியிடை' சரியாக வருமா? பாராவையும் நாம் பத்தி என்றே அழைப்பதால் தயங்குகிறேன். நெடுக்குப் பத்திக்குச் செய்தித்தாள் வழக்கில் உள்ள 'காலம்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டால் 'கால இடைவெளி' என்றாகி, பொருள் நேரத்துக்குப் போய்விடுகிறது. பக்க அமைப்பில் பழகியவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்